அருவித் தட்டானும் நடுப்பாறையும்

எங்கள் பழைய அலுவலகத்தில் ஓவியர் என்ற பணியிடத்தையே எடுத்துவிட்டார்களாம். இனிமேல் எல்லாம் கேமராதானாம். இதைப் பக்குவமாக என்னிடம் சொல்ல வந்த இரண்டு இளம் அதிகாரிகள், கூடவே ஒரு கேள்வியையும் கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் போட்ட பழைய நூலில் குற்றாலத்து அருவித் தட்டான் என்ற பூச்சியைப் பற்றிய பக்கத்தைப் புரட்டியிருக்கிறார்கள். "பேரருவிக்கு நடுவுல, கைக்கு எட்டுற தூரத்துல இருந்ததைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எப்படி சார் ரெண்டு சீசன் ஆச்சு?" என்று கேட்டார்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு தேநீர் கொடுத்தேன். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. பாறை அங்கேயே இருந்தது, தட்டானும் அங்கேயே இருந்தது, எங்களுக்குக் கண்ணும் இருந்தது. ஆனாலும் நாங்கள் பார்க்கவில்லை. அதற்கான காரணத்தை ஒரே வரியில் சொன்னால் அந்தப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள் என்று தோன்றியது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். தகப்பனாரை நாங்கள் அத்தா என்போம், அவருக்கு அங்கே சாயப்பட்டறை இருந்தது. நூலைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது ஒரு நிறம், வெயிலில் காய்ந்த பிறகு வேறு நிறம். ஈரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதுதான் நான் படித்த முதல் பாடம். பிறகு சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் தீப்பெட்டிக்குப் படம் வரைந்தேன். கிளி, மான், ரோஜாப்பூ, புலி. புலியை நான் நேரில் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் யாரும் வந்து குறை சொல்லவும் இல்லை. அங்கிருந்துதான் பூச்சி ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஓவியனாகப் போனேன். அத்தாவுக்கு அதில் ஒரு சங்கடம். உயிருள்ளதைப் படமாக வரைகிறவனிடம், இதற்கு உயிர் கொடு பார்க்கலாம் என்று மறுமையில் கேட்பார்களே, என்ன பதில் வைத்திருக்கிறாய் என்றார். நான் வரையப்போவதெல்லாம் ஊசியில் குத்திவைத்த செத்த பூச்சிகள்தான் என்று சொன்னேன். செத்ததென்றால் பாதகமில்லை, போய் வா என்றார்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் எஸ்தர். பாளையங்கோட்டைக்காரர். ஒரு பெண் பூச்சிவலையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதை அந்தக் காலத்தில் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளைச் சேலை, கேன்வாஸ் காலணி, தோளில் ஒரு பை, கக்கத்தில் ஆண்கள் பிடிக்கிற பெரிய கருப்புக் குடை. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். எங்களை நீர், வாரும், போம் என்றுதான் சொல்லுவார். ஆனால் அவர் கேட்கிற ஒரு கேள்விக்கு அந்தப் பிரிவே பயந்து கிடந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தட்டானை வரைந்து அவரிடம் நீட்டினேன். பெட்டியில் ஊசி குத்தி வைத்திருந்ததைப் பார்த்து வரைந்தது. சிறகின் நரம்பு ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்திருந்தது. அவர் படத்தைப் பார்த்தார், வலையை எடுத்துக்கொண்டு வெளியே போனார், அதே இனத்தில் உயிருள்ள ஒன்றைப் பிடித்துவந்து சிறகுகளைச் சேர்த்துப் பிடித்தபடி படத்துக்குப் பக்கத்தில் காட்டினார். என் படத்தில் கண் காய்ந்த புளியங்கொட்டை நிறத்தில் இருந்தது. அவர் கையில் இருந்ததன் கண் பச்சையாக இருந்தது, அந்தப் பச்சைக்குள் வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருந்தது.

"இந்தக் கண்ணு பழுப்புன்னு எழுதியிருக்கீரே, பாத்தீரா, நினைச்சீரா?" என்று கேட்டார்.

இதுதான் அந்தக் கேள்வி. பார்த்தது வேறு, நினைத்தது வேறு என்பதில் அவர் அவ்வளவு கறார். தட்டான் செத்தால் முதலில் போவது கண்ணின் நிறம். அப்புறம் உடம்பின் நிறம். கடைசியில் எல்லாத் தட்டானும் ஒரே பழுப்பு. ஆகையால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். பிடித்த தட்டானைச் சிறகு மடக்கி முக்கோணக் காகித உறையில் போட்டு, இருட்டான தகரப் பெட்டியில் உயிரோடு வைக்க வேண்டும். வயிற்றில் தின்றதெல்லாம் கழிந்துவிட்டால் அழுகாது, பின்னாலும் நிறம் கொஞ்சம் நிற்கும். அதற்குள் நான் அதை வெளியே எடுத்து, முதலில் கண், பிறகு முகம், பிறகு மார்பு என்ற வரிசையில் வர்ணம் போட்டுவிட வேண்டும். நரம்புகளை எப்போது வேண்டுமானாலும் வரையலாம், அவை எங்கேயும் போகாது. செத்ததை மட்டும்தான் வரைவேன் என்று அத்தாவிடம் சொன்ன வார்த்தை இப்படியாக முதல் மாதத்திலேயே பொய்யாகிவிட்டது. ஊருக்குப் போனபோது நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செங்கோட்டை மலையாளத்தோடு இருந்துவிட்டு மொழிவாரிப் பிரிவினையில் நம் பக்கம் வந்ததே, அதற்கு அடுத்த ஆண்டு எங்களுக்குத் தென்காசியில் முகாம். தெற்கு மலைகளின் தட்டான்களைப் பற்றி ஒரு பெரிய நூல் தயாராகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வண்ணப்படம், எங்கெங்கே இருக்கிறது என்று புள்ளி வைத்த ஒரு வரைபடம். செங்கோட்டை ஓடைகளில் முன்பு பிடித்த பூச்சிகளின் சீட்டில் எல்லாம் திருவிதாங்கூர் என்று எழுதியிருந்தது. ஓர் அடி கூடப் பறக்காமல் அவையெல்லாம் மதராஸ் ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதாக எஸ்தர் அம்மா சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரே ஒரு தட்டானின் பெயரை எடுத்தால் மட்டும் நின்றுவிடும்.

அதுதான் அருவித் தட்டான். அது நாங்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர். உடம்பு கருப்பு. ஆனால் கருப்பு என்று மட்டும் சொன்னால் எஸ்தர் அம்மா விடமாட்டார். வெயில் பட்ட நொடியில் மயில் கழுத்து நீலமும் பச்சையும் மேலே ஓடும், நிழலுக்குள் போனதும் பழையபடி கருப்பு. மார்பின் பக்கங்களில் மஞ்சள் கீற்று, வாலுக்குச் சற்று முன்னால் எடுப்பாக ஒரு மஞ்சள் பொட்டு. கண் மேல்பாதி கரும்பழுப்பு, கீழ்ப்பாதி மழைமேகத்தின் சாம்பல் நீலம். மற்றத் தட்டான்கள் குச்சியில் உட்காரும், கொடியில் உட்காரும், நம் தோளில்கூட உட்காரும். இது உட்காரவே உட்காராது. அருவியின் முகத்துக்கு நேரே, தண்ணீர் தெறிக்கிற இடத்திலேயே, பகல் முழுக்க மேலும் கீழும் பறந்துகொண்டிருக்கும். அவ்வளவு பெரிய தண்ணீர் இடி மாதிரி விழுகிறது, அதற்கு முன்னால் விரல் நீளத்தில் ஒன்று ஒரு நனைவும் இல்லாமல் போய்வருகிறது. முதல் நாள் பார்த்தபோது எனக்கு வேலையே மறந்துபோயிற்று.

அதைப் பிடிப்பதும் லேசில்லை. வலை நனைந்தால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய வலை சிறகைக் கிழித்துவிடும். சாரலில் நனையாத வலை ஏது? எஸ்தர் அம்மா குடைக்குள் வலையை மறைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். தட்டான் எப்போதாவது பசிக்கு வயல்வெளிப் பக்கம் இறங்கும். அச்சன்புதூர் வயல்களில் சாயங்காலம் கொசு மொய்க்கும்போது இரண்டு பிடித்தோம். ராயகிரிப் பக்கத்து ஓடைகளில் தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தட்டான் மலைக்கு மேற்கே மட்டும் வாழ்கிறது என்பது எங்கள் இயக்குநரின் முடிவு. எஸ்தர் அம்மா மாணவியாக இருந்தபோதே குற்றாலத்தில் இதைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இயக்குநர் தயாராகிக்கொண்டிருந்த நூலின் பிரதியில் ஓர் அடிக்குறிப்புப் போட்டு, அது காற்றில் அடித்துவரப்பட்ட பூச்சியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தது என்று எழுதிவிட்டார். அந்தச் சீசனுக்கு அவரே குற்றாலம் வந்தார். காலையில் குளித்துவிட்டு, தலையில் தேய்த்த எண்ணெய் இன்னும் காதோரம் மினுங்க, நாங்கள் தங்கியிருந்த பங்களாவில் எங்களோடு இட்லி சாப்பிட உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. நன்றாகச் சிரிப்பார், நன்றாகச் சாப்பிடுவார், சொன்னதை மாற்றமாட்டார்.

"பாலருவியில இருக்கு, ஆரியங்காவுல இருக்கு, ஒத்துக்கறேன். இங்க நீங்க பார்க்கிறது கணவாய் வழியா காத்து அள்ளிட்டு வந்தது. வந்துட்டுப் போறது வேற, வாழறது வேற இல்லையா எஸ்தர்? முட்டை போட்டுக் குஞ்சு பொரிச்சதுக்கு அடையாளமா எனக்கு ஒரே ஒரு சட்டை காட்டுங்க. நானே குற்றாலத்துல புள்ளி வைக்கச் சொல்றேன்" என்றார்.

சட்டை என்று அவர் சொன்னது தட்டானின் தோலை. தட்டானின் பிள்ளைப் பருவம் முழுக்கத் தண்ணீருக்குள் புழுவாகத்தான். முழுதாக வளர்ந்ததும் அந்தப் புழு வெளியே ஏறி, பாறையையோ தண்டையோ பற்றிக்கொண்டு, முதுகைப் பிளந்து தட்டானாக வெளியே வரும். பாம்பு உரித்த சட்டை மாதிரி வெறும் தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அது இருந்தால் அந்தத் தண்ணீரில் பிறந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இயக்குநர் கேட்டது நியாயம்தான் என்று எஸ்தர் அம்மாவே சொன்னார். அடுத்த சீசன் முடிந்ததும் நூல் அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு சட்டை கிடைக்காவிட்டால் வரைபடத்தில் புள்ளிகள் மலை உச்சியோடு நின்றுவிடும்.

"புள்ளி போனா போகுது. என் பேரு அந்தத் தப்புக்குப் பக்கத்துலயே நிக்கும் மைதீன். நான் செத்த பொறவும் நிக்கும்" என்றார். அவர் தம் மனக்குறையாக என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

தேட ஆரம்பித்தோம். பேரருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் குளிப்பார்கள். ஆகையால் ஆண்கள் பக்கத்துப் பாறைகள் எனக்கு, பெண்கள் பக்கத்துப் பாறைகள் அவருக்கு. சீசனில் அருவிக்கு ஆளில்லாத நேரமே கிடையாது. நாங்கள் கூட்டத்தோடு கூட்டமாக நனைந்துகொண்டு, கைக்கு எட்டிய பாறையெல்லாம் தடவித் தடவித் தேடினோம். எண்ணெய்க் கைகளும் சீயக்காயும் பட்டுப்பட்டு அந்தப் பாறைகள் தேய்த்துக் கழுவிய அம்மி போலக் கிடந்தன. பாசியே நிற்காத இடத்தில் சட்டை எங்கே நிற்கும்?

ஒருநாள் ஜோடியாக இரண்டு தட்டான்கள் என் தலைக்கு மேலே போயின. ஆண் பெண்ணைக் கழுத்தில் பிடித்தபடி, இரண்டும் ஒன்றாகவே பறந்தன. முட்டையிடப் போகிற ஜோடி. பையிலிருந்து தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்து அவற்றின் பின்னாலேயே திருப்பினேன். ஜோடி அருவியின் நடுப்பக்கமாகப் போயிற்று. திடீரென்று எல்லாம் மஞ்சளாக மங்கிவிட்டது. கண்ணாடி முழுக்க எண்ணெய். சுடலைமுத்து அண்ணாச்சி தம் கையை வைத்து மூடியிருந்தார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பூச்சி கலெக்டர் என்று எனக்குப் பெயர் வைத்ததே அவர்தான்.

"ஏலே கலெக்டரு, பூச்சி இங்கனதானல பறக்குது. ஒன் கண்ணாடி எதுக்குல அங்கன பாக்குது?" என்றார்.

அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் குளிக்கிற பக்கம் தொலைநோக்கியைத் திருப்பினவன் என்ற பெயரோடு அந்த ஊரில் எப்படி நடமாடுவது? நான் விளக்கம் சொல்லச் சொல்ல அது இன்னும் அசிங்கமாகப் போயிற்று. அண்ணாச்சி ஒரு துண்டால் கண்ணாடியைத் துடைத்து என் பைக்குள் தாமே வைத்துவிட்டு, குனி, தலைக்கு எண்ணெய் வைக்கிறேன் என்றார். அன்றோடு என் கழுத்து நடுப்பக்கம் திரும்புவதை மறந்துவிட்டது. அருவியின் அந்தப் பாகம் வந்ததும் கண் தானாகத் தரைக்குப் போகும்.

மாலையில் எஸ்தர் அம்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம், தமக்கும் இதே கதைதான் என்றார். கூடக் குளித்த ஓர் ஆச்சி, அங்கே ஆம்பிளைகள் பக்கம் என்னத்தைப் பார்க்கிறாய் என்று முகவாயைப் பிடித்துத் திருப்பிவிட்டாராம்.

ஒவ்வொரு மாலையும் பங்களாவில் இருவரும் பார்த்ததைச் சொல்லி ஒப்பிட்டுக்கொள்வோம். நான், ஜோடி ஒன்று உங்கள் பக்கம் போயிற்று என்பேன். எங்கள் பக்கம் எங்கே வந்தது, உங்கள் பக்கம் அல்லவா போயிற்று என்பார் அவர். இரண்டு பேர் கண்ணிலும் அது அடுத்தவர் பக்கம் போய்க்கொண்டே இருந்தது, ஒருவர் பக்கமும் வந்து சேரவே இல்லை. கடைசியில் ஜோடிகள் அருவியைத் தாண்டி மேலே ஏறி மேற்கே போய்விடுகின்றன என்று இருவருமாக முடிவுகட்டினோம். செண்பகாதேவி அருவி வரை ஏறித் தேடினோம். ஐந்தருவியில் தேடினோம், பழைய குற்றாலத்தில் தேடினோம். தட்டான் பறந்தது, சட்டை கிடைக்கவில்லை. முதல் சீசன் அப்படிப் போயிற்று. இரண்டாவது சீசனும் ஆடி முடிந்து ஆவணியில் நடந்துகொண்டிருந்தது. காற்று கொண்டுவந்ததுதானோ என்று எஸ்தர் அம்மாவே ஒருநாள் வாய்விட்டுக் கேட்டார்.

முகாமை முடிக்க இருந்த வாரம் மலையில் பேய்மழை. பேரருவியில் செம்மண் நிறத்தில் வெள்ளம் வந்தது. சங்கிலி கட்டிக் கூட்டத்தைப் பாலத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள். வெள்ளம் என்றால் தட்டான் இருக்காது என்று நாங்கள் எப்போதும் பங்களாவிலேயே இருந்துவிடுவோம். ஆனால் இது கடைசி வாரம், உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் போனோம். வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்திருந்தது, சங்கிலியை மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் எங்களைத் தெரிந்தவர். விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு, தாமும் கூட வருவதாகச் சொல்லி உள்ளே விட்டார்.

அருவிக்கு முன்னால் ஒரு ஆள் இல்லை. அந்த இடத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எத்தனையோ நாள் வேலை செய்த இடம், எஸ்தர் அம்மாவும் நானும் அன்றுதான் முதல்முறையாக அங்கே சேர்ந்து நின்றோம். எந்தப் பக்கம் போய் நிற்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. நான் ஆண்கள் பக்கம் இரண்டடி எடுத்துவைத்துவிட்டு நின்றேன். அவர் பெண்கள் பக்கம் திரும்பிவிட்டு நின்றார். பிறகு இருவரும் நடுவில் வந்து நின்றோம். நிமிர்ந்து பார்த்தோம்.

எங்களுக்கு நேரே ஒரு பாறை. எருமை படுத்திருப்பது போல முதுகு புடைத்து நின்றது. அது எப்போதும் அங்கே இருப்பதுதான். ஆண்கள் அதற்கு இந்தப் பக்கம் ஒதுங்கி நிற்பார்கள், பெண்கள் அதற்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். மரியாதைக்காக இருவரும் விட்டுவைத்த இடம். ஒரு கை அதைத் தொட்டதில்லை, ஒரு பொட்டு எண்ணெய் அதில் பட்டதில்லை. பாசி பச்சைப்பசேல் என்று பாய் விரித்தது போல மூடியிருந்தது. தண்ணீர் பாறையின் முதுகில் விழுந்து தாவி வெளியே போய்விடுவதால், வயிற்றின் அடிப்பக்கம் வெள்ளத்திலும் தப்பியிருந்தது. அந்த வயிற்றின் அடியில், பாசியைப் பற்றியபடி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சட்டைகள். முதுகு பிளந்து, கால் மடங்கி, காய்ந்து, புதியதும் பழையதுமாக, எண்ணிமுடியாத சட்டைகள்.

எஸ்தர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தாம் பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

"ரெண்டு வருஷமா நாம பாக்கவே இல்ல மைதீன். நினைச்சுக்கிட்டே இருந்திருக்கோம்" என்றார்.

நான் ஒன்றை எடுக்கக் கை நீட்டினேன். எடுக்கக் கூடாது, முதலில் இருக்கிற இடத்திலேயே வரையும் என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு முறை தவறவில்லை. காகிதத்தை விரித்தேன். சாரல் அதன்மேல் தெறித்தது. அவர் தம் கருப்புக் குடையை விரித்து என் தலைக்கு மேலே, இல்லை, என் காகிதத்துக்கு மேலே பிடித்தார். நானும் அவரும் நனைந்தோம், காகிதம் நனையவில்லை. நான் பென்சிலை எடுத்தபோதுதான் சட்டைகளில் ஒன்று நகர்ந்தது.

அது வெறும் சட்டை இல்லை. தண்ணீரிலிருந்து அப்போதுதான் ஏறி வந்திருந்த புழு. ஆறு காலையும் பாசிக்குள் ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றது. பிறகு முதுகில் ஒரு கோடு விழுந்தது. கோடு விரிந்தது. உள்ளேயிருந்து வெளிறிய முதுகு ஒன்று பிதுங்கியது, தலை வந்தது, கால்கள் வந்தன. பாதி உடம்பு வெளியே வந்ததும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அப்படியே ஓய்ந்துவிட்டது. செத்துவிட்டது என்றே நான் நினைத்தேன். எஸ்தர் அம்மா மூச்சு விடுவது கூடக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய அருவி காதுக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது, அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. திடீரென்று அது எம்பி, தன் பழைய தலையையே காலால் பற்றிக்கொண்டு, மீதி உடம்பையும் உருவி எடுத்தது. சிறகுகள் பிழிந்து போட்ட மல் துணி போலச் சுருங்கிக் கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கம் ஒவ்வொன்றாக விரிந்தது. யாரும் இழுக்கவில்லை, யாரும் நீவிவிடவில்லை.

அதற்கு நிறமே இல்லை. கருப்பு இல்லை, நீலம் இல்லை, மஞ்சள் பொட்டு இல்லை. இளநுங்கின் நிறம் என்று சொல்லலாம், அதுவும் சரியில்லை. தூரிகையை எடுத்தவன் எந்த வர்ணத்தில் தோய்ப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றேன். அத்தா கேட்டது நினைவுக்கு வந்தது. இதற்கு உயிர் கொடு என்று என்னைக் கேட்டால் என்னால் கொடுக்க முடியாது. கொடுக்கப்படுகிற இடத்தில் ஒருமுறை நின்று பார்த்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். என் கண் நிறைந்துவிட்டது. சாரல் என்று துடைத்துக்கொண்டேன். ஈரத்தில் தெரிவதை நம்பாமல், காய்ந்தால் என்னவாகும் என்று கணக்குப் பார்த்து, வெள்ளையில் ஒரு துளி மஞ்சளும் அரைத்துளிப் பச்சையும் சேர்த்து வரைந்தேன்.

அதற்குள் சங்கிலிக்கு அப்பால் கூட்டம் சேர்ந்துவிட்டது. குளிக்க விடலாம் என்று மேலேயிருந்து உத்தரவும் வந்துவிட்டது. சங்கிலியை அவிழ்க்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். எங்களோடு நின்ற போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். தட்டானைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"பொறுங்கவே. உள்ள இன்னும் ஒண்ணு கிளம்பல" என்றார்.

உள்ளே யார் என்று கூட்டத்தில் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தட்டான் சிறகை விரித்து நடுங்கியது. ஒருமுறை தயங்கியது. பிறகு பாசியை விட்டுக் கிளம்பி, தள்ளாடித் தள்ளாடிச் சாரலுக்குள் ஏறி, பாறைக்கு மேலே உள்ள மரங்களுக்குள் போய் மறைந்தது. போலீஸ்காரர் போய்ச் சங்கிலியை அவிழ்த்தார்.

புதிய சட்டைகளில் சிலவற்றை எஸ்தர் அம்மா பஞ்சில் வைத்து ஒரு தீப்பெட்டிக்குள் எடுத்துக்கொண்டு தாமே சென்னைக்குப் போனார். இயக்குநர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தாராம். காற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம். எந்தப் பாறை, எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். இவர் சொன்னதும், தாமும் அதே அருவியில் எத்தனையோ சீசன் குளித்திருப்பதாகச் சொல்லி, வாய்விட்டுச் சிரித்து, அடிக்குறிப்பைத் தம் கையாலேயே அடித்துவிட்டாராம். எஸ்தர் அம்மா திரும்பி வந்து என் மேசையில் இருந்த வரைபடத்தைக் காட்டி, வையும் என்றார். மலைக்குக் கிழக்கே, குற்றாலத்தில், மெல்லிய பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். மை காயும் வரை அவர் மேசையை விட்டு நகரவில்லை.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். நாங்கள் வேலை தெரியாதவர்கள் இல்லை. அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் நின்றவனும் அந்தப் பக்கம் நின்றவரும் மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டோம். யாரும் பார்க்காத அந்த இடத்தில்தான் அது பிறந்துகொண்டிருந்தது. அது நிம்மதியாகப் பிறந்ததும் அந்த மரியாதையால்தான் என்பதை நினைத்தால், எங்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நூல் வெளிவந்த பிறகு, அடுத்த சீசனில் எங்களுக்குக் குற்றாலத்தில் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் வேறு முகாமுக்குப் போகிற வழியில் இறங்கிவிட்டோம். நல்ல கூட்டம். நான் ஆண்கள் பக்கம் போனேன், அவர் பெண்கள் பக்கம் போனார். சுடலைமுத்து அண்ணாச்சி தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். என் கழுத்து இப்போது நடுப்பாறை வரை திரும்பப் பழகியிருந்தது, அதற்கு மேல் ஒரு விரற்கடை திரும்பவில்லை. அண்ணாச்சி என் கண் போகிற இடத்தைப் பார்த்தார். தாமும் அங்கே பார்த்தார். ஜோடி ஒன்று வந்தது. பாறையை ஒட்டிப் பறந்து, பாசியைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. தொட்ட இடத்திலெல்லாம் முட்டை வைத்தது. சாரலுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அங்கே ஒருவர் நனைந்துகொண்டே இதே பாறையைப் பார்த்து நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

மாலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது எஸ்தர் அம்மா என் பக்கம் திரும்பினார். எப்போதும் கேட்கிற கேள்வியில் பாதியை மட்டும் கேட்டார்.

"பாத்தீரா?"

"பாத்தேம்மா" என்றேன்.